சர்வர் உறைவதற்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த ஸ்பார்க்

நண்பர்களுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறேன். சாயங்காலம் இருபது பேர் சேர்ந்துவிட்டால், புதிதாக யார் நுழைந்தாலும் எல்லாருக்கும் ஒரு நொடி உறைந்துவிடும். ரேமைக் கூட்டினேன், பண்ணைகளில் மாடுகளைக் குறைக்கச் சொன்னேன். பலன் இல்லை. டிபிஎஸ் (சர்வர் நொடிக்கு ஓட்டும் டிக்குகளின் சராசரி; டிக் என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று) மட்டும் 19.8 என்று நல்ல பிள்ளையாக நிற்கும்.

அப்புறம்தான் சர்வரின் நேரம் எங்கே போகிறது என்று அளந்து காட்டும் ஸ்பார்க்கைத் தொட்டேன். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் 1.21 முதல் கூடவே வருகிறது, இலவசம். மைன்கிராஃப்டில் நொடிக்கு 20 டிக், அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லிநொடிதான் அவகாசம். ஸ்பார்க் சராசரியோடு விடாமல், டிக்குகள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நடு அளவையும் அதிகபட்சத்தையும் தனியே காட்டுகிறது. எனக்கு நடு 18 மில்லிநொடி, அதிகபட்சம் 1,340! சராசரி எதை மறைத்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

முதல் பதிவில் ஒன்றும் பிடிபடவில்லை. 'ஒன்லி டிக்ஸ் ஓவர்' என்ற தெரிவைச் சேர்த்து, 100 மில்லிநொடி தாண்டிய டிக்குகளை மட்டும் பதிய வைத்தேன். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான். வந்த அறிக்கை இணைப்பைத் திறந்து, எது எதைக் கூப்பிட்டது என்று கிளை கிளையாக விரித்தால்: சர்வர் த்ரெட் (ஆட்டத்தை ஓட்டும் மெயின் த்ரெட்), ஒருவர் நுழையும்போது நடக்கும் ஜாயின் ஈவென்ட், நானே எழுதிய காசுக் கணக்கு பிளகின், அடியில் டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி, கடைசியில் நெட்வொர்க் வழியே பதிலை வாசிக்கும் சாக்கெட் ரீட். மெயின் த்ரெட் டேட்டாபேஸ் பதிலுக்காகக் கைகட்டி நின்றிருக்கிறது.

டேட்டாபேஸுக்குள் என்ன நடக்கிறது என்பது ஸ்பார்க்குக்குத் தெரியாது. அதற்கு என் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் ஸ்லோ குவரி லாக் வேண்டும்; மெதுவான குவரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, அது குறித்துவைக்கும். அதில் இயல்பான வரம்பு 10 நொடி, அப்படியே விட்டால் எதுவும் சிக்காது. 0.1 ஆக்கினேன். சிக்கிய குவரியை டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் போட்டால் டைப் என்ற இடத்தில் ஆல். ஒரு ஆளின் கணக்கை எடுக்க டேபிள் முழுவதையும் வாசித்திருக்கிறது. பெயர்ப் பத்திக்கு, நேராகத் தேடியெடுக்க உதவும் இன்டெக்ஸ் போட்டதும் பெரும்பகுதி சரியானது. ஆனாலும் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது, போய்வரும் நேரம் இருக்கத்தான் செய்யும். அதனால் வாசிப்பையே, ஆள் உள்ளே நுழையும் முன்பு நடக்கும் அசிங்க் ப்ரீலாகின் ஈவென்டுக்கு மாற்றினேன். அது மெயின் த்ரெடில் ஓடாது.

ஒரே குறை: அறிக்கையைப் போனில் படிப்பது சிரமம், கிளைகள் திரைக்கு வெளியே ஓடிவிடுகின்றன. லேப்டாப்பில் திறந்து பாருங்கள். நேற்று 24 பேர் இருந்தபோது பார்த்த அதிகபட்சம் 46 மில்லிநொடி.