ஊரை விழுங்கும் மேக்ரோ: ராக்கெட்டில் பிழை தேட எது கைகொடுக்கும்?

ராக்கெட் என்பது ஒரு நிரல் மொழி. அதில் நாம் எழுதும் சுருக்க வரியை, நிரல் ஓடுவதற்கு முன்பே முழு நிரலாக விரித்துத் தருவது மேக்ரோ. பேட்டர்ன், அதாவது வரி எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரி வடிவம், அதைப் பார்த்து விரியும் மேக்ரோக்களில் வரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். பொருந்தக் கூடாதது பொருந்திவிடும். அல்லது பொருந்த வேண்டியது பொருந்தாமல் முரண்டு பிடிக்கும். எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நம்முடைய பிழை எந்த வகை என்று தெரிய வேண்டும். முதல் வகைக்கு ஓடி வந்து உதவுவது இரண்டாவதற்குக் கையை விரித்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு பேருந்துப் பட்டியல். வேலூரிலிருந்து கிளம்பும் வண்டிகளை ராக்கெட் மொழியில் எழுதி வைக்கலாம் என்று காட்பாடியில் நாங்கள் சில பேர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. ராக்கெட்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். அதனால் பேருந்துப் பலகையில் இருப்பதுபோலவே எழுத ஒரு மேக்ரோ செய்துகொண்டோம்:

(தடம் வேலூர் திருவண்ணாமலை வழி கண்ணமங்கலம் போளூர்)

அதற்கான பேட்டர்ன் இது:

(தடம் கிளம்பும் சேரும் வழி ஊர் ...)

கடைசியில் உள்ள மூன்று புள்ளிகள், ஊர்கள் எத்தனை வந்தாலும் சரி என்று சொல்கின்றன. எழுதியது ‘சின்டாக்ஸ்-ரூல்ஸ்’ கொண்டு. ராக்கெட் கிளைத்து வந்த ஸ்கீம் மொழியின் 1991 அறிக்கையில் பின்னிணைப்பாக வந்து, 1998 அறிக்கையில் மொழிக்குள்ளேயே சேர்ந்துவிட்ட வசதி அது.

குடியாத்தத்திலிருந்து வரும் தம்பி ஒருநாள், “இன்னாண்ணா இது, ‘வழி’ போடாமலே ஓடுது?” என்றான். அவன் எழுதியது (தடம் வேலூர் திருவண்ணாமலை கண்ணமங்கலம் போளூர்). எர்ரர் எதுவும் வரவில்லை. பட்டியலில் கண்ணமங்கலம் மட்டும் காணோம்.

காரணம் சின்னது. அப்படியே எழுத வேண்டிய சொற்களுக்கு லிட்டரல் என்று பெயர். ‘வழி’ அப்படி ஒன்று என்று மேக்ரோவின் லிட்டரல் பட்டியலில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பேட்டர்ன் மாறிதான். அந்த இடத்தில் எது வந்தாலும் விழுங்கும். இதே சொல் ஒரு பேட்டர்னில் இரண்டு முறை வந்திருந்தால், ஒரே மாறி இரு தடவை வருகிறது என்று மேக்ரோவை எழுதும்போதே ராக்கெட் கத்தியிருக்கும். ஒரு முறை மட்டும் வந்ததால் சத்தமே இல்லை.

இந்த மாதிரி பிழைக்கு நான் முதலில் நாடுவது மேற்கோள் குறி தந்திரம். டெம்ப்ளேட்டை, அதாவது பேட்டர்ன் எதுவாக விரிய வேண்டும் என்று எழுதிய பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாறிகளை எல்லாம் போட்டு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி வைத்தால் போதும்:

'(கிளம்பும் சேரும் வழி (ஊர் ...))

ஓட்டினால் (வேலூர் திருவண்ணாமலை கண்ணமங்கலம் (போளூர்)) என்று அச்சாகும். ‘வழி’ இருக்க வேண்டிய இடத்தில் கண்ணமங்கலம் உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். எந்த நிரலும் நிறுவத் தேவையில்லை. கைல், சிக்கன், சிபி என்று எந்த ஸ்கீமிலும் செல்லும். தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் மேக்ரோவாக இருந்தால் முதல் அடியோடு நின்றுவிடும் என்பது இதன் குறை. ஆனால் பாதி நேரம் முதல் அடியிலேயே தப்பு இருக்கும்.

மேக்ரோவை ஒரே ஒரு அடி மட்டும் விரித்துக் காட்டும் ராக்கெட்டின் ‘எக்ஸ்பாண்ட்-ஒன்ஸ்’ இதற்கு அடுத்த படி. விரிந்ததை வெறும் தரவாக மாற்றி அச்சடித்துப் பார்க்கலாம். மேக்ரோவைத் தொடாமலே பார்க்கலாம் என்பது மட்டும்தான் அதிகப்படி லாபம். ‘எக்ஸ்பாண்ட்’ என்று முழுசாக விரித்தால் ராக்கெட்டின் அடிமட்ட வடிவம் வரைக்கும் போய்விடும். அந்தக் குவியலில் நம் நாலு வரியைத் தேடுவதற்குள் பொழுது போய்விடும். குளோஜர் என்ற இன்னொரு மொழியில் ‘மேக்ரோஎக்ஸ்பாண்ட்-1’ பழகியவர்களுக்கு இது பழைய வீடு மாதிரி இருக்கும். அதைத் தாண்டி இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் வகைப் பிழைதான் ஆளைப் படுத்தும். ‘வழி’யை லிட்டரல் பட்டியலில் சேர்த்துவிட்டோம். முதல் பிழை போயிற்று. அப்புறம் ஒரு ஃபங்ஷனுக்குள் அதே தடம் வரி ‘பேட் சின்டாக்ஸ்’ என்று விழ ஆரம்பித்தது. எர்ரரோடு அச்சாகும் வரியைப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அந்த ஃபங்ஷனின் ஒரு பாராமீட்டருக்கும் ‘வழி’ என்றே பெயர். சின்டாக்ஸ்-ரூல்ஸ் லிட்டரலை எழுத்தை வைத்து ஒப்பிடுவதில்லை. பெயர் எதோடு பிணைந்திருக்கிறது, அதாவது அந்த இடத்தில் அது எதைக் குறிக்கிறது என்றுதான் பார்க்கும். மேக்ரோ எழுதிய இடத்தில் ‘வழி’க்குப் பிணைப்பே இல்லை, ஃபங்ஷனுக்குள் அது பாராமீட்டர். ஆகவே இரண்டும் வேறு வேறு.

இங்கே மேற்கோள் குறி தந்திரம் உதவாது. எந்தப் பேட்டர்னும் பொருந்தாதபோது டெம்ப்ளேட்டில் எதை வைத்து என்ன பயன்? எக்ஸ்பாண்ட்-ஒன்ஸ் அதைவிட மோசம், நம்மை ஏமாற்றும். தடம் வரியை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தால் அழகாக விரியும், ஏனென்றால் வெளியே அந்தப் பாராமீட்டர் இல்லை. பிழை இருக்கும் இடத்தைவிட்டு வரியை நகர்த்தினால் பிழையும் மறைந்துவிடுகிறது.

ராக்கெட் எழுதும் மென்பொருளான டாக்டர்ராக்கெட்டில் இருக்கும் மேக்ரோ ஸ்டெப்பர் கைகொடுப்பது இங்கேதான். கோப்பு முழுவதையும் அப்படியே எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஒவ்வொரு அடியையும் காட்டும். எந்தப் பெயர் எந்த மேக்ரோ அடியில் உள்ளே வந்தது என்பதை நிறம் பிரித்துக் காட்டும். பெயரைச் சொடுக்கினால் அதன் பிணைப்பு என்ன என்று பக்கப் பலகையில் வரும். தடம் வரியில் இருக்கும் ‘வழி’யைச் சொடுக்கி, அது உள்ளூர் மாறி என்று வந்தால் பிழை பிடிபட்டது. ராக்கெட்டின் சொந்த மேக்ரோக்களை மறைக்கும் வசதியும் உண்டு. அதைப் போடாமல் திறந்தால் தலை சுற்றும்.

ஆனால் ஸ்டெப்பரைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. பேட்டர்ன் ஏன் பொருந்தவில்லை என்று அது சொல்லாது. உள்ளே போனது, வெளியே வந்தது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். எர்ரர் வந்த அடியோடு நின்றுகொள்ளும். ‘வழி’யைச் சொடுக்கிப் பார்க்கலாம் என்ற யோசனை நமக்குத்தான் வர வேண்டும். ரயன் கல்பெப்பரும் மத்தியாஸ் ஃபெலைசனும் ஸ்டெப்பரைப் பற்றி 2007-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதே இருவர் 2010-இல் ‘சின்டாக்ஸ்-பார்ஸ்’ பற்றி எழுதினார்கள். அடி அடியாகக் காட்டினால் மட்டும் போதவில்லை என்று அவர்களுக்கே பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

சின்டாக்ஸ்-பார்ஸ் பிழை தேடும் கருவி அல்ல, மேக்ரோ எழுதும் முறை. ஒரே ஒரு பேட்டர்ன் போதுமென்றால் ‘டிஃபைன்-சின்டாக்ஸ்-பார்ஸ்-ரூல்’ என்ற சுருக்க வடிவம் இருக்கிறது. ‘வழி’யை டேட்டம்-லிட்டரல் என்று அறிவித்தால், பிணைப்பைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் ஒப்பிடும்; பாராமீட்டர் தொல்லை அதோடு ஒழிந்தது. தம்பி எழுதியதுபோல் ‘வழி’யை விட்டுவிட்டால், இந்த இடத்தில் ‘வழி’ வர வேண்டும் என்று கண்ணமங்கலத்தையே சுட்டிக்காட்டி எர்ரர் வரும். ஊர் என்பது பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று பேட்டர்னிலேயே எழுதிவிடலாம். ஊர் இருக்கும் இடத்தில் 25 என்று தட்டினால் அதையும் பிடித்துவிடும். மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால், ஒரு ஊராவது இருந்தே ஆக வேண்டும் என்று பொருள்.

இதற்கு விலை உண்டு. சின்டாக்ஸ்-ரூல்ஸில் எழுதியது வேறு ஸ்கீமுக்கும் போகும். இது ராக்கெட்டோடு சரி. சுருக்க வடிவத்தைத் தாண்டிப் போனால், கம்பைல் நேரம் வேறு, ஓடும் நேரம் வேறு என்று ராக்கெட் பிரிப்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். நான் மட்டும் பயன்படுத்தும் ஐந்து வரி மேக்ரோவுக்கு இவ்வளவு தேவையில்லை. வேறு ஒருவர் தொடப்போகிறார் என்றால் யோசிக்காமல் இதில்தான் எழுதுவேன்.

ராக்கெட் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவில் ஒரு சந்து உண்டு. 2013-இல் வந்த ஸ்கீம் அறிக்கை ‘சின்டாக்ஸ்-எரர்’ என்பதைத் தருகிறது. மற்ற பேட்டர்ன்களுக்கெல்லாம் கீழே, எதையும் ஏற்கும் ஒன்றைக் கடைசியாக வைத்து நம் செய்தியைப் போடலாம்:

((தடம் . எதுவானாலும்) (சின்டாக்ஸ்-எரர் "தடம்: மூன்றாவதாக ‘வழி’ வர வேண்டும்"))

எந்த ஊரில் தவறு என்று இது சுட்டாது. பாராமீட்டர் பிழையின்போது ‘வழி’ கண்முன்னே இருக்க, வர வேண்டும் என்று சொல்லிக் குழப்பவும் செய்யும். அதனால் அந்தச் செய்தியிலேயே “அதே பெயரில் மாறி இருக்கிறதா பாருங்கள்” என்றும் சேர்த்துவிடுவது நல்லது.