ஆறு ஆண்டு ரசிகர் புனைவு எழுத்தில் வாசகர் கருத்து எனக்குப் பயன்பட்ட விதம்

ஒரு துப்பறியும் தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர் புனைவு எழுதத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுகளில் என் எழுத்து ஓரளவு தேறியிருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு பிறர் சொன்ன கருத்துகளுக்கு உரியது. ஆனால் அந்தக் கருத்துகளைக் கேட்டுப் பெறும் முறையைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நான் எழுதுவது பெரும்பாலும் ஏஓ3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில். 2007-இல் தொடங்கப்பட்ட ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் இத்தளம் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019-இல் அறிவியல் புனைவு, மிகைபுனைவுத் துறைக்கான ஹ்யூகோ விருதும் பெற்றது. கதை பிடித்தவர்கள் அங்கே ‘குடோஸ்’ என்னும் இதயக் குறியை அழுத்தலாம். முதல் இரண்டு ஆண்டுகள் அந்த எண்ணிக்கையை மதிப்பெண் பட்டியலைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படைப்புக்கு ஒருவர் ஒரு முறைதான் குடோஸ் தர முடியும் என்பதால், பதினான்கு அத்தியாயத் தொடரில் முதல் அத்தியாயத்தைப் பாராட்டி அழுத்தியவர் ஒன்பதாவதில் சலித்து விலகியிருந்தாலும் அந்த எண் குறையாது. குடோஸ் ஒரு தலையசைப்பு. அதை வைத்துத் தலையசைப்புக்கு மேல் எதையும் கணித்தது என் பிழை.

கமெண்டுகளின் நிலையும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ‘அருமை, அடுத்த அத்தியாயம் எப்போது?’ என்பதைப் படித்தால் அன்றைய பொழுது இனிதாகக் கழியும், ஆனால் மறுநாள் எழுத உட்காரும்போது அதில் கையில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கதையின் அடியில் ‘விமர்சனம் வரவேற்கப்படுகிறது’ என்று குறிப்பு எழுதிப் பார்த்தேன். பல மாதங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அழைப்பு மிகப் பொதுவானது என்பதும், முகம் தெரியாத ஒருவரைப் புண்படுத்திவிடுவோமோ என்று வாசகர் தயங்குவது இயல்பு என்பதும் பிற்பாடுதான் உறைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்தேன்: ‘எந்த இடத்தில் கண்ணை வேகமாக ஓட்டினீர்கள்?’ குறை சொல்லும்படி கேட்டால் தயங்கியவர்கள், தாங்கள் வாசித்த விதத்தைக் கேட்டபோது தயங்காமல் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே வர்ணனைப் பத்தியைச் சுட்டிக்காட்டியபோது அதை நீக்க எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம்விட அதிகம் பயன்பட்டது பீட்டா ரீடர் என்னும் ஏற்பாடு. மென்பொருளை வெளியிடுமுன் சோதிப்பவர்களிடமிருந்து வந்த இப்பெயர், கதை வெளியாகுமுன் படித்துக் கருத்துச் சொல்பவரைக் குறிக்கிறது. என் நான்காவது அத்தியாயத்தில், நண்பனின் நம்பிக்கையைக் குலைத்த ஒரு பெண் பாத்திரம் அவனிடம் திரும்பி வருகிறாள். நான் எழுதியிருந்தது இது: “‘என்னை மன்னித்துவிடு. உன்னை எவ்வளவு காயப்படுத்திவிட்டேன் என்று இப்போதுதான் புரிகிறது’ என்று கண்ணீர் மல்கக் கூறினாள்.” பீட்டா நண்பர் ஓரத்தில் எழுதினார்: “இங்கே இவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. கேனனில் தவறு செய்த பிறகு இவள் எப்போதாவது அதைப் பற்றிப் பேசியிருக்கிறாளா?” கேனன் என்றால் மூலத்தொடர். அதில் அவள் வரும் காட்சிகளைத் திரும்பப் பார்த்தேன். தன் தவறைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போய்விடுகிறாள். முன்பே உடைந்துபோனதாக எழுதியிருந்த அவனுடைய கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது. திருத்திய வடிவம்: “கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். ‘நேரம் சரியாக வைத்திருக்கிறேன்’ என்றாள். அவன் எடுக்கும்வரை நிற்கவில்லை.” அந்த அத்தியாயத்துக்கு வந்த கமெண்டுகளில் பல அந்த வரியையே மேற்கோள் காட்டின.

பீட்டா சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பதிலும் ஆபத்து உண்டு. ஆறாம் அத்தியாயத்தின் பயணக் காட்சி இழுக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று அதே நண்பர் சொன்னார். இழுத்தது உண்மை, ஆனால் கோளாறு ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. அவர்கள் எதற்காகப் புறப்படுகிறார்கள் என்பதை நான் அங்கே சொல்லவே இல்லை. இரண்டு வாக்கியம் சேர்த்தவுடன் பயணம் சரியாகிவிட்டது. அதற்கு முன் இருந்த மற்றொரு பீட்டா, உரையாடல்களைத் தம் நடையிலேயே மாற்றி எழுதித் தருவார். ஐந்து பாத்திரங்களும் ஒரே வாயால் பேசத் தொடங்கியபோது நன்றி சொல்லி விலகிக்கொண்டேன்.

வாட்பேட் என்னும் மற்றொரு கதைத் தளத்தில் வாசகர் பத்திக்குப் பத்தி கருத்து எழுதலாம். நகைச்சுவை எடுபட்டதா, திருப்பம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதா என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆயினும் முடிவை இருவர் சரியாக ஊகித்துவிட்டார்கள் என்பதற்காகப் பதற்றத்தில் அதை மாற்றி எழுதி, பத்து அத்தியாயங்களாகப் போட்டுவந்த முடிச்சுகளை நானே வீணாக்கியது உண்டு. சரியாக ஊகித்தவர் கதையைக் கவனமாகப் படித்தவர். அவரை ஏமாற்ற நினைத்திருக்கக் கூடாது.

எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு நன்மை, பிறர் கதைகளுக்கு நான் கருத்து எழுதத் தொடங்கியதால் வந்தது. ஒரு வரியை எடுத்துக் காட்டி, அது என்னை என்ன செய்தது என்று எழுத முயலும்போது, ‘பிடித்திருந்தது’ என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. காரணம் கிடைத்தால் அது என் எழுத்துக்கும் உதவுகிறது.

இப்போது குடோஸ் எண்ணைப் பார்ப்பதில்லை (வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்). கடுமையான கருத்துக்கு மூன்று நாள் கழித்தே பதில் எழுதுகிறேன். பதினோராம் அத்தியாயம் நேற்று பீட்டாவிடமிருந்து திரும்பி வந்தது. ஓரிடத்தில் ‘இங்கே மூச்சு வாங்கியது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியம் நாற்பது சொல் நீளம். பாராட்டா புகாரா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.