ஆர்எக்ஸ் 100 வண்டியைப் புதுப்பிக்கக் கொடுப்போர் கவனத்திற்கு: முதலில் என்ஜின் எண்ணைப் பாருங்கள்

என் தந்தையார் 1992இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, அவர் காலமான பிறகு ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தியபடி நின்றிருந்தது. பெட்ரோல் டேங்கினுள் துரு ஏறி, கார்பரேட்டர் அடைத்து, ரிம்கள் பொரிந்து போயிருந்தாலும், என்ஜின் ஒருமுறைகூட ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவது) செய்யப்படாதது. கிக்கரைக் கையால் அழுத்தினாலே அதன் அழுத்தம் தெரியும். அந்த வண்டியைத் திருச்சி புறநகரில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறையில் ஒப்படைத்து நான் ஏமாந்ததை, இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மொத்தம் 85,000 ரூபாய், முன்பணம் 50,000, மூன்று மாதத்தில் வண்டி என்று பேச்சு. எட்டு மாதம் அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் பெயின்டும் குரோமும் பளபளத்ததைப் பார்த்ததும் என் கோபம் தணிந்துவிட்டது. ஆயில் டேங்க் நிறைய டூ-டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்), பெட்ரோல் டேங்கில் சிறிது பெட்ரோலும் இருந்தன. மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் பங்க்கில் ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைச் சாலையில் சென்றபோது, என்ஜின் சத்தம் திடீரென்று இறுகி, பின்சக்கரம் பூட்டியது போல் நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் ஓரங்கட்ட முடிந்தது. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "டூ ஸ்ட்ரோக் வண்டின்னா பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் சார் ஊத்தணும், அதுகூடத் தெரியாதா?" என்றார்.

அவர் மறைத்தது இதைத்தான். ஆர்எக்ஸ் 100இல் ஆயிலுக்குத் தனி டேங்கும், ஆக்சிலரேட்டர் திருகலுக்கு ஏற்ப ஆயிலை என்ஜினுக்கு அனுப்பும் ஒரு சிறு பம்பும் கம்பெனியிலேயே உண்டு. பம்ப் பழுதானால் அதை அடைத்துவிட்டு, பெட்ரோலில் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி வரை ஆயில் கலந்து ஓட்டும் வழக்கம் இருப்பதும் உண்மைதான். ஆனால் அப்படிச் செய்ததை உரிமையாளரிடம் சொல்லாமல், ஆயில் டேங்கை மட்டும் நிரப்பிக் காட்டியது மோசடி. அவர்கள் கொடுத்தபோது டேங்கில் இருந்தது கலந்த பெட்ரோல். நான் ஊற்றியது வெறும் பெட்ரோல். உள்ளே ஒரு சொட்டு ஆயில்கூடச் செல்லாமல் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது.

வேறொரு மெக்கானிக் என் கண்முன்னே சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை அவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது 0.75 என்ற எண் தெரிந்தது. அசல் அளவைவிட 0.75 மி.மீ. பெரிய பிஸ்டன். ஒவ்வொரு ரீபோருக்கும் 0.25 மி.மீ. கூடும் என்பதால், ஏற்கெனவே மூன்று முறை வரை ரீபோர் கண்டிருக்கக்கூடிய சிலிண்டர் அது. எங்கள் வண்டியில் இருந்ததோ அசல் அளவுள்ள ஸ்டாண்டர்டு பிஸ்டன். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் பொறித்திருந்த எண்ணோடு ஒப்பிட்டோம். பொருந்தவில்லை. சிலிண்டரை மாற்றினால் என்ஜின் எண் மாறாது. கிராங்க் கேஸ் மாறினால்தான் மாறும். அப்பாவின் என்ஜினை முழுதாக எடுத்துக்கொண்டு, தேய்ந்துபோன வேறொன்றைப் பெயின்ட் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். 1996இல் உற்பத்தி நின்றுவிட்ட வண்டி என்பதால், திறக்கப்படாத என்ஜினுக்கு என்ன மதிப்பு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எண் பொருந்தாத வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புதுப்பித்துத் தரமாட்டார்கள், என்ஜினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி தேவை. அதைவிடவும் என்னை அச்சுறுத்துவது, இப்போது உள்ளே இருப்பது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்துவிடுமோ என்பதுதான். ஆகவே முதலில் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன்.

வண்டியை ஒப்படைக்கும் முன் என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து, அவற்றை வேலைச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கழற்றிய பழைய பிஸ்டன், பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் திரும்பக் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது பம்பின் மூடியைத் திறக்கச் சொல்லி, ஆக்சிலரேட்டர் கேபிளின் கிளை பம்போடு இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு ரசீதும், ஒப்படைத்த அன்று என் மகன் தற்செயலாக எடுத்த, கிராங்க் கேஸ் எண் தெரியும் ஒரு படமும்தான்.

அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அண்மையில் எங்கேனும் வண்டியைப் புதுப்பித்து வாங்கியவர்கள், அந்தக் கெடு முடிவதற்குள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் என்ஜின் எண்ணை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.