கேம் விக்கியில் ஒரு மூவுக்குத் தலைப்பு வைப்பது: ஆறு வருட அனுபவம்

ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். ரீலோட் பண்ணின டேட்டா தீர்வதற்குள் தேடின பக்கம் திறக்க வேண்டும், அதனால் ஆடுகிறவர்களே சேர்ந்து எழுதுகிற கேம் விக்கிகளில் மூவ்களுக்கு, அதாவது கேரக்டர்கள் போடுகிற அடி, வித்தைகளுக்கு, எப்படித் தலைப்பு வைக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயம். ஆறு வருடமாக வாசிக்கிறேன், அதில் நாலு வருடமாகத் திருத்தவும் செய்கிறேன்.

பல விக்கிகளில் ஒரே விதிதான்: ஆங்கிலப் பதிப்பில் திரையில் வருகிற பெயரே தலைப்பு, வேறொன்றோடு மோதினால் மட்டும் அடைப்புக்குறி. போக்கிமான் விக்கியான பல்பபீடியா அப்படியில்லை, மோதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மூவ் தலைப்புக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் மூவ் என்று போடும். ஆரம்பத்தில் வீண் வேலையாகத் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் சைக்கிக் என்பது ஒரு மூவ், ஒரு டைப் (போக்கிமான்களைப் பிரிக்கிற வகை) இரண்டுமே. கண்டி பஸ்ஸைச் சிங்களத்தில் நுவர பஸ் என்பார்கள், ஊருக்குப் புதியவர் நுவரெலியா என்று நினைத்து ஏறிவிடுவார், அந்தக் கதைதான்.

கேமிலேயே வருகிற அதிகாரப்பூர்வப் பெயர் என்றாலும் அது நிலையாக நிற்காது. 2013இல் எக்ஸ், வை கேம்கள் வரும்வரை போக்கிமானில் மூவ் பெயருக்கு ஆங்கிலத்தில் 12 எழுத்துக்குத்தான் இடம். தண்டர் பஞ்ச் என்ற மூவில் இரண்டு சொல்லையும் ஒட்டினால் சரியாக 12, நடுவில் இடைவெளி விட்டால் 13, அதனால் ஒட்டியே கிடந்தது. இடம் கூடியதும் பிரித்துவிட்டார்கள். பழைய கேமையே இன்னும் ஆடுகிற என்னைப் போன்றவன் ஒட்டித்தான் தேடுவான், அவனைப் புதிய தலைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரீடைரெக்ட் பக்கம், அதாவது பழைய பெயரில் தேடினால் தானாகத் திருப்பிவிடுகிற பக்கம். என்னைக் கேட்டால் தலைப்பு எதுவானாலும் பரவாயில்லை, ரீடைரெக்ட் நிறைய இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அடைப்புக்குறிக்குள் அந்த மூவைப் போடுகிற ஆளின் பெயரை, அதாவது கேரக்டரின் பெயரை, போடுவதும் எல்லா இடத்திலும் சரிவராது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் சைக்கோ க்ரஷர் அடிக்கிற வில்லன் ஜப்பானில் வேகா, வெளியே எம். பைசன். வெளியே வேகா என்றால் நகம் மாட்டின ஸ்பெயின்காரன். இதில் எந்த வேகாவை எழுதுவது?

கேமே பெயர் வைக்காதவை இன்னொரு தலைவலி. ஸ்மாஷ் ப்ரோஸ் மெலீயில் குதித்த கையோடு தரையை நோக்கிச் சாய்வாக ஏர் டாட்ஜ் (காற்றில் இருந்தபடி விலகுவது) செய்து சறுக்குவதை ஆடுகிறவர்கள் வேவ்டேஷ் என்கிறார்கள், வேறு பெயர் இல்லாததால் அதையே தலைப்பாக வைப்பதுதான் நியாயம். டெக்கன் என்ற சண்டை கேமிலும் ஒரு வேவ்டேஷ் உண்டு, அது முற்றிலும் வேறு சங்கதி.

என் சொந்தக் கோபம் ஒரு சின்ன விக்கியில். ஒரு மூவைப் பற்றி, நாங்கள் அதைக் கூப்பிடுகிற பட்டப்பெயரில் ஒரு கட்டுரை எழுதினேன். ராத்திரியோடு ராத்திரியாக அதிகாரப்பூர்வப் பெயருக்கு மாற்றினார்கள், அடுத்த மாதம் ஆளின் பெயரையும் சேர்த்து மறுபடி மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தலைப்பு ரீடைரெக்டாக மிஞ்சியது. விக்கியை ஓட்டுகிற மென்பொருளான மீடியாவிக்கி சாதாரணமாக ஒரு ரீடைரெக்டைத்தான் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். "அண்ணே, நீங்க எழுதினதுல ஒரு அம்புக்குறி மட்டும்தான் இருக்கு" என்று சித்தி மகன் போன் பண்ணினான். மாற்றினது சரிதான், இப்போது ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பழைய ரீடைரெக்டைத் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். கடைசியில் நானே உட்கார்ந்து திருத்தினேன், அதுவும் கரண்ட் வந்த பிறகு.