மரபணு டெஸ்ட், யூரிக் ஆசிட் பவுடர்: 17,400 ரூபாய் போச்சு, கால் வலி திரும்பி வந்தாச்சு

இடது கால் பெருவிரல் சிவந்து, தோல் பளபளவென்று வீங்கி, இரண்டு தலையணை மேல் கிடக்கிறது. ஃபேன் காற்று பட்டாலே உயிர் போகிறது. கவுட், அதாவது ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிந்து வரும் வலி. அப்படி உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன், கோர்வையாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 17,400 ரூபாய். எச்சில் டெஸ்டுக்கு 7,900, தொண்ணூறு நாள் பவுடருக்கு 9,500. என் தீபாவளி போனஸில் பெரும்பங்கு.

கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். போனில் விளம்பரம் வரும், ஆப் ஒன்று இறக்கச் சொல்வார்கள், "பரம்பரை நோய்க்கு மரபணு வழித் தீர்வு" என்பார்கள். இந்த ரகத்தில் கடை ஏகப்பட்டது இருக்கிறது. கடைசியில் பத்து எச்சரிக்கை எழுதுகிறேன், அதை மட்டும் படித்தாலும் போதும்.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 43. எங்கள் அப்பா கைத்தறி நெசவாளி. அவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே இது வந்துவிட்டது. அப்போது யாரும் கவுட் என்று சொல்லவில்லை, "வாதம்" என்றுதான் சொன்னார்கள். தறி மிதிக்கிற காலில் வந்தால் என்ன ஆகும்? மாதத்தில் பத்து நாள் தறி நின்றது. கடைசிக் காலத்தில் காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உருண்டு நின்றது. இதில் கொடுமை என்னவென்றால், அப்பா குடிக்கவே மாட்டார். கறி எடுப்பதும் மாதத்துக்கு ஒருமுறை, அதிலும் பாதி எங்களுக்குப் போய்விடும். ஆனாலும் சொந்தக்காரர்கள் விடவில்லை. "கறியும் சாராயமும் கொஞ்சமாவா இருந்திருக்கும்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். காலைத் துண்டால் மூடிக்கொள்வார்.

என் கதை வேறு, நான் உத்தமன் இல்லை. சனிக்கிழமை பீர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் பாயாவும் ஈரல் வறுவலும், ஆபீஸில் மதியம் ஒரு கூல்டிரிங்க்ஸ். எடை 91 கிலோ. இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் அதே விரல், அதே வலி. யூரிக் ஆசிட் 8.9. எங்கள் ஊர் டாக்டர் வயசானவர், பொறுமையானவர். வலி அடங்கிய பிறகு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்து 300 வரை ஏற்றினார். "ஆறுக்குக் கீழ கொண்டுவந்து அங்கயே நிறுத்தணும் தம்பி, நிறுத்தினா திரும்ப வரும்" என்றார். ஐந்து மாதத்தில் 5.6 வந்தது. மாதத்துக்கு மாத்திரைச் செலவு இருநூறு சொச்சம். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சுருக்கென்ற வலிகூட இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். "ஆயுசுக்கும் மாத்திரையா? உங்கள் மரபணுவிலேயே தீர்வு இருக்கிறது" என்று ஒரு விளம்பரம். அமுக்கினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேசிய பெண் தன்னை ஜீன் ஆலோசகர் என்றார். விலை பேசவில்லை, பவுடர் பேசவில்லை. "அப்பாவுக்கு எந்த வயசுல வந்துச்சுங்க அண்ணா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தறி, துண்டு, காது மடல் கட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எனக்குக் குரல் கம்மிவிட்டது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அது அப்பா தப்பே இல்லைங்க அண்ணா. அவர் ரத்தத்துலயே இருந்திருக்கு." சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதே பணம் கட்டிவிட்டேன். டெஸ்டுக்குக் கட்டியதாக நினைப்பு. உண்மையில் அந்த ஒரு வரிக்குத்தான் கட்டினேன்.

எரிச்சல் என்னவென்றால், அந்த வரி பொய் இல்லை. இப்போது நகர முடியாமல் கிடந்து படித்ததில் தெரிகிறது. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை சிறுநீரகமும், மீதியைக் குடலும் வெளியேற்ற வேண்டும். அந்த வடிகாலை நடத்தும் மரபணுக்களில் எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2 இரண்டும் முக்கியமானவை. சில குடும்பங்களில் வடிகால் பிறப்பிலேயே மந்தம். தொட்டியில் வந்து விழுவது கொஞ்சமாக இருந்தாலும் தளும்பிவிடும். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பிய வம்சாவளியினர் 16,760 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் யூரிக் அமிலம் வேறுபடுவதில் எந்த ஒரு தனி உணவின் பங்கும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. பொதுவான மரபணு வேறுபாடுகளின் பங்கு ஏறக்குறைய 24 சதவீதம். அப்பாவைப் பேசிய சொந்தக்காரர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காக நான் பீர் குடித்தது சரியாகிவிடாது. பீர், ஈரல், நெத்திலி, சர்க்கரைத் தண்ணீர், தொப்பை எல்லாம் ஏற்கெனவே தளும்பும் தொட்டியில் இன்னும் ஊற்றுகிற வேலைதான்.

ஆக, பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையின் மேல்தான் மீதியைக் கட்டினார்கள்.

எச்சில் குப்பி வந்தது, துப்பி அனுப்பினேன். மூன்று வாரத்தில் 34 பக்க ரிப்போர்ட். கலர் கலராக வட்டம், அம்புக்குறி, "அபாயம்: மிக அதிகம்". அதைச் சொல்ல 7,900 ரூபாயா? அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்துவிட்டது, என் பெருவிரலே ஓசியில் சொல்லியிருக்கும். பக்கம் 19இல் என் மனைவி கண்டுபிடித்தாள்: "மாதவிடாய் நின்ற பிறகு உங்களுக்கு அபாயம் கூடும்." "ஏங்க, உங்களுக்கு எப்ப நின்னுச்சு?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கே முழித்திருக்க வேண்டும். அந்தத் தகவல் பெண்களுக்குச் சரிதான், அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வயதுக்கு மேல்தான் கவுட் வருகிறது. ஆனால் யாருக்கோ எழுதியதை எனக்கு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அலோபியூரினால் சாப்பிடுகிறவர்களுக்கு நிஜமாகவே உதவக்கூடிய ஒரு மரபணுச் சோதனை இருக்கிறதாம், எச்எல்ஏ-பி 58:01. சிலருக்கு அந்த மாத்திரை தோலை உரிக்கிற அளவுக்கு மோசமான ஒவ்வாமையைக் கொண்டுவரும், அதை முன்கூட்டியே எச்சரிக்கும் சோதனை. தாய்லாந்து, கொரியா, சீன ஹான் வம்சத்தினருக்கு மாத்திரையைத் தொடங்கும் முன்பே இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். 34 பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை.

ரிப்போர்ட் வந்த மறுநாள் அதே பெண். "உங்க ஜீன் லாக் ஆகியிருக்குங்க அண்ணா, இந்தப் பவுடர் அதைத் திறக்கும். இமயமலை மூலிகை. தொண்ணூறு நாள்ல ஆறுக்குக் கீழ வரலைன்னா முழுப்பணம் வாபஸ்." நான் ஏற்கெனவே ஆறுக்குக் கீழேதான் இருந்தேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை பாருங்கள். கணக்குப் பார்க்கிறவன் நான்! 9,500 கட்டினேன். "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடுங்க, கிட்னிக்கு ஆகாது, பவுடரோட சேர்ந்தா வேலை செய்யாது" என்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்து என்று எழுத்தில் எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது எல்லாம் "தண்ணீர் நிறையக் குடிங்க", "நல்லா தூங்குங்க", கைகூப்பும் படம். கெடுதலான பேச்சு முழுவதும் வாய்வழியாக மட்டும். பழகிய கை.

ஏழாவது வாரம் வந்தது அந்த ராத்திரி. சோதித்ததில் 9.4. போன் செய்தேன். "நல்ல விஷயம்ங்க அண்ணா, நச்சு வெளியேறுது, டோஸை ரெண்டாக்குங்க" என்றார். வலியில் கத்திவிட்டேன். அதிலிருந்து அண்ணா சாராகிவிட்டார். "சார், டிக்கெட் போட்டிருக்கோம்." "சார், சீனியர் ஆலோசகர் 48 மணி நேரத்தில் அழைப்பார்." அழைக்கவில்லை. மூன்றாவது தடவை வேறு ஒரு பையன்: "நீங்க 90 நாள் முடிக்கலையே சார்." சரி, வலியோடு இன்னும் 40 நாள் சாப்பிட வேண்டுமா என்று கேட்டேன். "முடிச்சுட்டு, 180 காலிப் பொட்டலத்தையும் தேதியோட போட்டோ எடுத்து ஆப்ல ஏத்துங்க சார்." அந்த விதி பணம் கட்டும்போது யாரும் சொல்லாதது. அடுத்த தடவை, "இடையில பீர் குடிச்சீங்களா?" ஒருநாள் குடித்தேன் என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப கேரண்டி செல்லாது சார்." கடைசியில் பெரிய மனது பண்ணி அடுத்த பவுடருக்கு 1,500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். 17,400க்கு 1,500 கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவழிக்க. நேற்றிலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

டாக்டரிடம் போக வெட்கமாக இருந்தது. மனைவிதான் ஆட்டோ வைத்து இழுத்துப் போனாள். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரபணுவைப் பவுடரால திறக்க முடிஞ்சா நான் எதுக்குத் தம்பி கிளினிக் வெச்சிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். வலிக்குக் கோல்ச்சிசின் எழுதினார். அடங்கியதும் அலோபியூரினால் மறுபடி 100இலிருந்து. இரண்டு வருடத்துக்கு முன் நின்ற இடத்தில் திரும்பவும் நிற்கிறேன்.

கோல்ச்சிசின் எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நம் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். எங்கள் மாமா மூலனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் பந்தல் போட்டு அதே செங்காந்தளை, அதாவது கண்வலிக்கிழங்கை வைத்திருக்கிறார், விதை மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. சின்ன வயதில் அந்தக் காட்டில்தான் ஓடி விளையாடினேன். நான் இமயமலை மூலிகைக்கு 9,500 கட்டியிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, எச்சரிக்கைகள். விரல் தெறிக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை எவன் சொன்னாலும் போனில் கேட்டு நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொன்னால் "எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள், அனுப்பமாட்டார்கள்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கவுட் இருந்தால் எச்சில் டெஸ்ட் வேண்டாம். பக்கத்து லேபில் சாதாரண யூரிக் ஆசிட் ரத்தச் சோதனை போதும், சில நூறு ரூபாய். வலி இருக்கும்போது அது சரியாக இருப்பது போலவும் காட்டும், அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றும்.

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு யாரும் கண்வலிக்கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடாதீர்கள். கடும் விஷம், உயிர் போயிருக்கிறது. மாத்திரையாக, டாக்டர் சொன்ன அளவில் மட்டும்.

பணம் போனால் 1915, நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் மோசடி என்றால் 1930, உடனே. நான் கூச்சப்பட்டுப் பதினோரு நாள் தாமதித்தேன்.

பத்து என்று சொன்னேன், மீதி இப்போது ஞாபகம் வரவில்லை. கரூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வேறு யாராவது இதே மாதிரி கட்டியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். மிச்சம் இருக்கும் பவுடரையும் காலிப் பொட்டலங்களையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் கோபத்தில் போட்டுவிட்டேன்.