ஆரியங்காவு பக்கத்து மூலிகை நர்சரி: செடி நம்பி வாங்கலாம், போர்டை நம்பாதீர்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி, கோட்டைவாசலில் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆரியங்காவையும் தாண்டினால் ரோட்டோரம் இந்த நர்சரி வரும். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். பிளஸ் டூவுக்குத் தாவரவியல் பாடம் நடத்துபவள் நான், பள்ளித் தோட்டத்துக்காக மூன்று தடவை போய்விட்டேன்.

செடிகள் நல்ல செடிகள். கவரைக் கிழித்தால் வேர் சுருண்டு கிடக்காது. ஆடாதோடை 30 ரூபாய், நித்தியகல்யாணி 20, சர்ப்பகந்தா 120. ஜூன் மழையில் வாங்கிய எட்டு ஆடாதோடையும் இப்போது என் இடுப்பு உயரம். கேட் திறந்து கிடந்த ஒரு நாள் ஆடுகள் புகுந்து துளசியைக்கூட மொட்டையடித்துவிட்டு இதை மட்டும் தொடாமல் போனதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஜென்மத்துக்கும் மறக்காது. கடைச் சேட்டாவும் பொறுமைசாலி, "பத்து நாள் நிழல்ல வச்சிட்டு அப்புறம் நடுங்க டீச்சரே" என்று ஒவ்வொரு செடிக்கும் சொல்லித்தான் கொடுப்பார்.

பிரச்சினை போர்டில். நித்தியகல்யாணிப் பாத்தி முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து, தினமும் ஐந்து இலை. அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் நாலு செடி கூடுதலாக எடுத்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

இந்தச் செடியிலிருந்து மருந்து வருவது பொய்யில்லை. 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று இதன் சாற்றைச் சோதிக்கப் போய், வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டு வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் காய்ந்த இலை அரை டன் வேண்டும். ஐந்து இலையில் என்ன கிடைக்கும்? மருந்து தூசுக்கும் காணாது, கூடவே ஆல்கலாய்டு எனப்படும், உடலைப் பாதிக்கக்கூடிய நூற்றுக்கு மேற்பட்ட மற்ற வேதிப்பொருட்களும் வயிற்றுக்குள் போகும். அவற்றைச் செடி நமக்காகச் செய்யவில்லை, புழுவைத் தடுக்கச் செய்கிறது.

அது செய்கிற விதம் இருக்கிறதே, வகுப்பில் நான் நேரம் போவது தெரியாமல் பேசும் பாடம் அதுதான். ரோஜா வாசனையில் இருக்கும் ஜெரானியால், இலை நரம்போரச் செல்களில் உருவாகி, படிப்படியாக மாறி, மேல்தோல் செல்லுக்கு வந்து செக்கோலோகானின் ஆகிறது. அதே மேல்தோலில், நம் பருப்பிலும் இருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி டிரிப்டமைன் ஆக்குகிறது. இரண்டையும் இன்னொரு நொதி ஒட்டினால் ஸ்ட்ரிக்டோசிடின். சர்ப்பகந்தாவிலிருந்து வரும் ரத்த அழுத்த மருந்து ரிசர்பின், சின்கோனா மரத்திலிருந்து வரும் மலேரியா மருந்து குயினைன் எல்லாம் இந்த ஒரே தாயின் பிள்ளைகள். ஸ்ட்ரிக்டோசிடின் செல்லின் நுண்குமிழ்ப்பையில் சும்மா கிடக்கும், அதன் சர்க்கரையை வெட்டும் நொதியோ உட்கருவில் தனியாக இருக்கும். புழு கடித்துச் செல் நசுங்கினால் இரண்டும் கலந்து, புரதங்களை ஒட்டிக் கெடுக்கும் நஞ்சு அந்த இடத்திலேயே பிறக்கும். போதாததற்கு, கடிபட்ட இலையில் ஜாஸ்மோனேட் என்ற தாவர ஹார்மோன் ஏறி, ஆர்க்கா3 என்ற மரபணுவைத் தட்டியெழுப்பி, மேலே சொன்ன நொதிகள் சிலவற்றின் மரபணுக்களையும் முடுக்கிவிடும். ஆகவே ஒரே செடியிலேயே இலைக்கு இலை, நாளுக்கு நாள் அளவு மாறும். இதில் ஐந்து இலை என்று எந்தத் தராசில் கணக்குப் போட்டார்களோ.

வின்பிளாஸ்டின் ஏன் இவ்வளவு கொஞ்சம் என்றால், அதன் இரு பாதிகளில் கேத்தரந்தைன் இலையின் மேல் மெழுகில் படிந்திருக்கும், வின்டோலின் உள்ளே இருக்கும், உயிருள்ள இலையில் இரண்டும் அதிகம் சந்திப்பதே இல்லை. 2022இல் விஞ்ஞானிகள் 34 தாவர மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் நுழைத்து அந்த இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டையே செய்ய வைத்து, பிறகு தாங்களே இணைத்தார்கள், அவ்வளவு பாடு.

சரி, அடுத்த குறை. சர்ப்பகந்தா என்று கொடுத்த மூன்றில் இரண்டு சர்ப்பகந்தாவே இல்லை. ஒரு கணுவில் நாலு நாலு இலை, அதிலும் இரண்டு பெரிது இரண்டு சிறிது, பூ பொடிப்பொடியாக வெள்ளை: அது பாம்புக்களா, சர்ப்பகந்தாவின் உறவுச் செடி. சர்ப்பகந்தாவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை, பூக்காம்பு சிவந்திருக்கும். கொண்டுபோய்க் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சரே, ரெண்டிலும் மருந்துண்டு" என்றார். ரிசர்பின் இரண்டிலும் உண்டு, அது சரிதான், ஆனால் கூட வரும் மற்ற சரக்கு இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை, 120 ரூபாய் வாங்கியது சர்ப்பகந்தா பெயரில். பணம் திரும்பவில்லை, இரண்டு திப்பிலிக் கொடி தந்து சமாளித்தார், அவை நன்றாகவே ஓடுகின்றன.

போர்டைப் பற்றியும் சொன்னேன், சிரித்தார். போன வாரம் போனபோதும் அங்கேயேதான் நிற்கிறது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அங்கே சிக்னல் கிடைக்காது, ஜிபே ஓடாது, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார் வண்டி நெரிசலில் நிறுத்த இடமும் கிடைக்காது.