அமைச்சரின் பி.ஏ. என்று சொல்லி வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

மகளுக்கு ரேஷன் கடை விற்பனையாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி என் தங்கை வீட்டில் 4 லட்சம் ரூபாயைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறான் ஒருவன். அமைச்சரின் பி.ஏ. என்றுதான் அறிமுகமானான். விசாரித்தால் அப்படி ஒரு ஆளே அங்கு கிடையாது.

கட்சிக் கரை வேட்டி, கொடி கட்டிய கார், வாட்ஸ்அப்பில் அமைச்சரோடு நிற்கும் படம். கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். "தங்கச்சி, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பொண்ணு பேரு லிஸ்ட்ல ஏறிடுச்சு" என்று உரிமையாகப் பேசியிருக்கிறான்.

தங்கையின் கணவரை முழுதாக நம்பவைத்தது சென்னைப் பயணம்தான். ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி வாசலில் அவரை உட்காரவைத்துவிட்டு, ஃபைலோடு உள்ளே போயிருக்கிறான். திரும்பி வந்து, "கையெழுத்து ஆயிடுச்சு." தங்கையின் நகையை அடகு வைத்த மீதிப் பணமும் அன்றைக்கே போய்விட்டது. தொகுதி மக்கள் மனுவோடு வந்து போகும் இடம் அது. உள்ளே போய் வந்தான் என்பதால் உள்ளே ஆள் இருக்கிறது என்று ஆகிவிடாது.

அப்புறம் ஒரு பணி ஆணை வந்தது. கோபுரச் சின்னம், பச்சை மைக் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்தில் காட்டியதும் போலி என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் மூலம் விண்ணப்பம் வாங்கி, நேர்முகத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு இல்லாத இப்படிப்பட்ட வேலைகளைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். நேர்முகம் என்றாலே சிபாரிசு என்று நாம் நினைப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பணம் கொடுத்ததற்கு நம் மீதே கேஸ் வருமோ என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. அந்தப் பயத்தில்தான் அவன் அடுத்த ஊருக்குத் தைரியமாகப் போகிறான். நாங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 319-ஆம் பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு.

யாராவது இப்படி வந்தால், சட்டப்பேரவை இணையதளத்தில் உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன, நேரடியாகக் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், ஜி-பே விவரம், அந்த ஆணை எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே புகார் கொடுங்கள்.